அமினோ அமிலத்துக்காக ஒரு தொட்டி சுருள்பாசி

நன்றாக வளர்ந்த சுருள்பாசியின் (ஸ்பைருலினா என்ற உண்ணத்தக்க நீலப்பச்சைப் பாசி) உலர் எடையில் 55 முதல் 70 விழுக்காடு புரதம். புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களில், உடலால் உருவாக்க முடியாத ஒன்பதும் அதில் உண்டு. ஆனால் நைட்ரஜன் தீர்ந்த தொட்டியில் பாசி தன் புரதத்தையே உடைத்துப் பிழைக்கும். வளர்ப்பவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்.

கரைசலில் தொடங்குங்கள். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் 10 லிட்டர் எடுங்கள். சமையல் சோடா 168 கிராம், சோடியம் நைட்ரேட் 25, உப்பு 10, பொட்டாசியம் சல்பேட் 10, டைபொட்டாசியம் பாஸ்பேட் 5, மெக்னீசியம் சல்பேட் 2, இரும்பு சல்பேட் 0.1 கிராம். எல்லாம் உணவுத் தரத்தில் இருக்கட்டும். சோடாவைக் குறைக்காதீர்கள், பிஎச் (அமில, கார அளவு) 9க்கு மேல் நிற்கும் காரத்தன்மைதான் பெரும்பாலான வேற்றுப் பாசிகளை அண்டவிடாமல் காக்கிறது.

அடுத்து, நம்பகமான ஆய்வகத்தில் வாங்கிய தாய்ப்பாசியை (வளர்ப்பைத் தொடங்க உதவும் உயிருள்ள பாசிக் கரைசல்) ஐந்தில் ஒரு பங்கு சேருங்கள். குளத்துப் பாசி வேண்டவே வேண்டாம், அதில் நச்சு இனங்கள் இருக்கலாம். முதல் சில நாட்கள் நிழல், பிறகு மிதமான வெளிச்சம், 30 முதல் 35 டிகிரி வெப்பம். பாசி அடியில் தங்காதபடி மெல்லக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

தினமும் நிறத்தைப் பாருங்கள். நைட்ரஜன் குறையும்போது பாசி முதலில் உடைப்பது ஃபைக்கோசயனின் என்ற நீலப் புரதத்தைத்தான். நீலப்பச்சை மஞ்சளாக மாறினால் பசி என்று பொருள். கணக்கும் எளிது: புரதத்தில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். எனவே 10 கிராம் உலர் பாசி எடுத்தால் ஏறக்குறைய 6 கிராம் சோடியம் நைட்ரேட்டைத் திருப்பித் தர வேண்டும். நானறிந்தவரை புதியவர்கள் அதிகம் மறப்பது இந்தப் படியைத்தான்.

குச்சியில் கட்டிய வெள்ளை வட்டு 3 சென்டிமீட்டர் ஆழத்தில் மறைந்தால் அறுவடை. காலையில் எடுங்கள், பகல் ஏற ஏற மாவுச்சத்து கூடிப் புரத விகிதம் இறங்கும். மூன்றில் ஒரு பங்கை மட்டும் நுண்துணியில் வடித்து, வடிநீரைத் தொட்டிக்கே ஊற்றிவிட்டு, பாசியை நல்ல நீரில் விரைவாக அலசிப் பிழியுங்கள். துர்நாற்றம் வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

மெல்லிய இழைகளாகப் பரப்பி 60 டிகிரிக்குள் உலர்த்துங்கள். சூடு மிகுந்தால் முதலில் சேதமாவது லைசின் என்ற அமினோ அமிலம், அதுவோ சுருள்பாசியில் ஏற்கெனவே சற்றுக் குறைவு. பருப்போடு சேர்த்தால் அந்தக் குறை நிரம்பும். பொடியாக்கி, உணவை அடுப்பிலிருந்து இறக்கியபின் அதன்மேல் தூவுங்கள். 3 கிராம் பொடியில் புரதம் 2 கிராம்தான் என்பதால் இது உணவுக்குத் துணையே. ஃபீனைல்கீட்டோனூரியா (ஃபீனைலலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் சரியாக உடைக்க முடியாத பிறவிக் கோளாறு) உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.