அல்பினோ லெப்பர்டு கெக்கோ: ஜோடி சேர்க்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைத் தொட்டியில் ‘அல்பினோ’ என்று மட்டும் சீட்டு ஒட்டியிருந்தால், அந்த லெப்பர்டு கெக்கோ பல்லியைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. உடம்பில் கறுப்பு இல்லை என்பது பார்த்தாலே தெரியும். எந்த மரபணு பழுதானதால் கறுப்பு இல்லை என்பதுதான் தெரிய வேண்டியது. இந்த இனத்தில் அதற்கு மூன்று விடைகள் உண்டு. வளர்ப்பாளர்கள் செய்யும் பெரிய தவறுகளில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதிலிருந்துதான் கிளம்புகின்றன.

மூன்று திரிபுகளைக் கலப்பது

மூன்றுமே அமெரிக்க வளர்ப்பாளர்களிடம் தனித்தனியாகத் தோன்றியவை. முதலில் வந்தது ட்ரெம்பர், 1996இல். டெக்சாஸ் அல்பினோ என்றும் சொல்வார்கள். 1998இல் ரெயின்வாட்டர் வந்தது. லாஸ் வேகஸ் அல்பினோ என்பதும் இதுவே. சற்றுப் பிந்தி ஃபுளோரிடாவிலிருந்து பெல். மூன்றும் ஒடுங்கு பண்புகள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதுப் பிரதிகளும் சேர்ந்தால்தான் நிறத்தில் தெரியும். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு மரபணுக்களில் உள்ள பழுதுகள்.

இதன் விளைவைப் பாருங்கள். ட்ரெம்பர் அல்பினோவையும் பெல் அல்பினோவையும் ஜோடி சேர்த்தால் ஒரு அல்பினோ குஞ்சுகூட வராது. ட்ரெம்பர் பெற்றோரிடம் பெல் மரபணு நன்றாக இருக்கிறது. பெல் பெற்றோரிடம் ட்ரெம்பர் மரபணு நன்றாக இருக்கிறது. குஞ்சுக்கு இரண்டிலும் ஒவ்வொரு நல்ல பிரதி கிடைத்துவிடுவதால் கறுப்புப் பட்டையோடு சாதாரண நிறத்தில் பிறக்கும். இரண்டு பழுதையும் சுமந்துகொண்டு, வெளியே எதையும் காட்டாமல். ஒரு பழுதை இப்படி மறைவாகச் சுமப்பதை வளர்ப்பாளர்கள் ஹெட் என்பார்கள், இரண்டையும் சுமப்பதை டபுள் ஹெட் என்பார்கள்.

உண்மையான சேதம் அடுத்த தலைமுறையில். அப்படிப்பட்ட இரண்டு டபுள் ஹெட்டுகள் சேர்ந்தால், 16 பங்கில் 9 சாதாரண நிறம், 3 ட்ரெம்பர், 3 பெல், 1 இரண்டும் சேர்ந்தது. ஆக 16இல் 7 அல்பினோ. அந்த 7இல் எது எது என்று தோலைப் பார்த்து நம்பிக்கையாகப் பிரிக்க வழியில்லை. ட்ரெம்பர் மட்டும் காட்டும் 3 பங்கிலும் 2 பங்கு பெல்லை மறைவாகச் சுமக்கும். சாதாரண நிறத்தில் பிறந்த 9 பங்கில் எதையுமே சுமக்காதது ஒரே ஒரு பங்கு. இவை நான்கு கை மாறிப் போனால், எங்கோ ஒருவர் ஆண்டுக்கணக்காகக் காப்பாற்றிய சுத்தமான வம்சத்துக்குள் நுழைந்துவிடும். பிறகு அதை வெளியேற்ற முடியாது. இந்த ஒரு தவறை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.

கண்ணைப் பார்த்துத் திரிபைச் சொல்வது

பெல்லுக்குக் கண் இளஞ்சிவப்பு, ட்ரெம்பருக்கு வெள்ளி நிறத்தில் சிவப்பு நரம்புகள், ரெயின்வாட்டருக்குக் கண் சற்று இருண்டிருக்கும் என்றெல்லாம் சொல்வதுண்டு. பொதுவான சாயலாக இது தவறில்லை. ஒரு தனிப் பல்லிக்குச் சான்றிதழாக இது செல்லாது. வயது, வெளிச்சம், கேமராவின் வெள்ளைச் சமநிலை, கூடவே இருக்கும் வேறு மரபணுக்கள் எல்லாமே கண் நிறத்தை மாற்றிக் காட்டும்.

திரிபு தெரிய வேண்டுமென்றால் வம்சாவளிப் பதிவு வேண்டும். பதிவு இல்லையென்றால் சோதனைக் கலப்பு ஒன்றுதான் வழி: திரிபு உறுதியாகத் தெரிந்த அல்பினோவோடு சேர்க்க வேண்டும். குஞ்சுகள் அனைத்தும் அல்பினோ என்றால் இரண்டும் ஒரே திரிபு. அனைத்தும் சாதாரணம் என்றால் வேறு திரிபு. பாதிக்குப் பாதி வந்தால் திரிபுகள் வேறு. ஆனால் இரண்டில் ஒன்று மற்றதன் பழுதையும் ஏற்கெனவே மறைவாகச் சுமக்கிறது. இந்தச் சோதனையில் பிறக்கும் சாதாரண நிறக் குஞ்சுகள் எல்லாமே டபுள் ஹெட் என்பதை மறக்கக்கூடாது. அவற்றை இனப்பெருக்கத்துக்கு விற்கக் கூடாது. செல்லப்பிராணியாக, உண்மையைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. திரிபு தெரியாத அல்பினோவை ஜோடி சேர்க்காமல் வளர்த்தால் போதும்.

பெயரை நம்பி வாங்குவது

சில வணிகப் பெயர்களுக்குள் திரிபு அடங்கியிருக்கிறது. ராப்டர் என்றால் ட்ரெம்பர் அல்பினோவோடு எக்லிப்ஸ், கூடவே பட்டையற்ற உடல், ஆரஞ்சு நிறம். ராடார் என்றால் பெல்லும் எக்லிப்ஸும். டைஃபூன் என்றால் ரெயின்வாட்டரும் எக்லிப்ஸும். எக்லிப்ஸ் தனி ஒடுங்கு மரபணு; சாதாரண நிறப் பல்லியில் கண் முழுக்கக் கறுப்பாகவும், அல்பினோவில் முழுச் சிவப்பாகவும் வரும். பாதி மட்டும் நிரம்பிய கண்ணும் வரும், அதற்கு ஸ்னேக் ஐ என்று பெயர்.

ராப்டரும் ராடாரும் செங்கண் அல்பினோக்கள்தானே என்று சேர்ப்பவர்கள் உண்டு. எக்லிப்ஸ் இரண்டுக்கும் பொது என்பதால் குஞ்சுகள் எல்லாம் எக்லிப்ஸாகப் பிறக்கும். அல்பினோ திரிபு வேறு என்பதால் ஒன்றுகூட அல்பினோவாக இராது. சாதாரண நிற உடலில் கருங்கண். அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்குள் இரண்டு அல்பினோ பழுதும் ஒளிந்திருக்கும் என்பதால் ‘எக்லிப்ஸ்’ என்று மட்டும் சொல்லி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

பிளேசிங் பிளிசர்டு போன்ற பெயர்கள் இன்னும் சிக்கல். பட்டையில்லாமல் வெள்ளையாக்கும் பிளிசர்டு மரபணுவும் ஏதோ ஒரு அல்பினோ திரிபும் சேர்ந்தால் அந்தப் பெயர் வந்துவிடும். எந்தத் திரிபு என்று பெயர் சொல்லாது. ஹைப்போ டாஞ்சரின் (புள்ளி குறைந்த, ஆரஞ்சு நிற) அல்பினோவான சன்குளோவும் அப்படியே. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தத் திரிபு என்பதே. ‘அல்பினோதான் சார்’ என்ற பதில் வந்தால் ஜோடிக்காக வாங்க வேண்டாம்.

விழுக்காட்டைத் தவறாகப் படிப்பது

இரண்டு ஹெட்டுகளைச் சேர்த்தால் 25% அல்பினோ என்பதை, நான்கு முட்டைக்கு ஒன்று உறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முட்டைக்கும் வாய்ப்பு புதிதாகத் தொடங்குகிறது. லெப்பர்டு கெக்கோ ஒரு தடவைக்கு 2 முட்டைதான் இடும். நான்கு தடவையில் வந்த 8 முட்டையும் பொரிந்து, ஒன்றுகூட அல்பினோ இல்லாமல் போக ஏறக்குறைய 10% வாய்ப்பு இருக்கிறது. அதற்காக ஹெட் என்று விற்றவர் பொய் சொன்னார் என்று முடிவு கட்டக் கூடாது.

66% ஹெட் என்பதும் இதே குழப்பம். ஹெட் ஜோடிக்குப் பிறந்த சாதாரண நிறக் குஞ்சுகளில் மூன்றுக்கு இரண்டு மரபணுவைச் சுமக்கும்; எந்த இரண்டு என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். ஒரு பல்லிக்குள் 66% அல்பினோத்தனம் இருப்பதாகப் பொருளில்லை. உறுதி செய்ய, அதே திரிபு அல்பினோவோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு அல்பினோ குஞ்சு வந்தாலே அது ஹெட் என்று உறுதி. வரிசையாக 4 குஞ்சு சாதாரணமாக வந்தால் ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு 66இலிருந்து 11% ஆகக் குறையும். 6 வந்தால் ஏறக்குறைய 3%. அதற்குப் பிறகு ஹெட் என்ற சொல்லைச் சீட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

கணக்கு சரியாக வர அப்பா யார் என்பதும் உறுதியாகத் தெரிய வேண்டும். பெண் கெக்கோ விந்துவைச் சேமித்து வைக்கும். ஒரு முறை இணைந்தாலே அந்தப் பருவத்தில் அடுத்தடுத்து கருவுற்ற முட்டைகள் இடும். ஒரே பருவத்தில் இரண்டு ஆண்களோடு விட்டால் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் ஊகமாகிவிடும். ஒரு பருவத்துக்கு ஒரு பெண்ணுக்கு ஒரே ஆண்.

நிறத்தின் அழுத்தத்தை மரபணு என்று நினைப்பது

லெப்பர்டு கெக்கோ அல்பினோக்கள் வெள்ளை எலி போல வெளுத்தவை அல்ல. கறுப்பு மட்டுமே போகிறது, பழுப்பு மிஞ்சுகிறது. அந்தப் பழுப்பு எவ்வளவு மிஞ்சும் என்பதில் முட்டை இருந்த வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 26–27 டிகிரி செல்சியஸில் பொரிந்த ட்ரெம்பர் அல்பினோ சாக்லேட் பழுப்பில்கூட வரலாம். 32 டிகிரியில் பொரிந்த அதன் உடன்பிறப்பு வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக இருக்கும். மரபணு இரண்டிலும் ஒன்றே. பழுப்பானதை அல்பினோ இல்லை என்று ஒதுக்குவதும், வெளிறியதைப் புது மார்ஃப் (நிற வகை) என்று பெயர் வைப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம்.

இதே வெப்பம்தான் பாலினத்தையும் முடிவு செய்கிறது. 26–27இல் பெரும்பாலும் பெண், 32–32.5இல் பெரும்பாலும் ஆண், 34ஐ நெருங்கினால் மீண்டும் பெண் அதிகம். எனவே நிறம் வெளிர வேண்டும் என்று இன்குபேட்டரை ஏற்றினால் ஆண்கள் குவிந்துவிடுவார்கள். ஒரு தொட்டிக்கு ஒரு ஆணுக்கு மேல் வைக்க முடியாது, கடித்துக்கொள்ளும். முட்டைப் பெட்டியின் மேல் தேதியோடு வெப்பத்தையும் எழுதி வையுங்கள். குஞ்சின் நிறத்தைப் பிறகு புரிந்துகொள்ள அந்த எண் வேண்டும்.

வளர்ந்த பிறகும் குளிரிலும் மன அழுத்தத்திலும் நிறம் மங்கும். குஞ்சுப் பட்டைகள் கலைந்து முழு நிறம் வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதற்கு முன் எடுத்த படத்தை வைத்து விலை பேசுவதில் பொருளில்லை.

அல்பினோ அல்லாததை அல்பினோ என்பது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடம்பில் ஒரு உண்மையான கறும்புள்ளி இருந்தாலும் அது அல்பினோ இல்லை; புள்ளி குறைந்த ஹைப்போவாக இருக்கலாம். பட்டையே இல்லாமல் வெள்ளையாக, இருண்ட கண்ணோடு இருந்தால் பிளிசர்டு. பிறக்கும்போதே பார்ப்பது நல்லது: சாதாரணக் குஞ்சுக்குப் பட்டை கறுப்பு, அல்பினோ குஞ்சுக்கு அது இளஞ்சிவப்பு கலந்த வெளிர் பழுப்பு.

வெளிச்சத்தில் வைப்பது

நிறமி குறைந்த கண்ணுக்குள் வெளிச்சம் கட்டுப்பாடின்றி நுழைகிறது. பிரகாசமான விளக்கின் கீழ் அல்பினோ கண்ணை இடுக்கிக்கொண்டே இருக்கும், இரையைத் தவறவிடும், பகலெல்லாம் வெளியே வராது. சூட்டுக்கு வெள்ளை பல்பு வேண்டாம். ஒளி தராத செராமிக் ஹீட்டரோ, தெர்மோஸ்டாட் பொருத்திய ஹீட் மேட்டோ போதும். சூடான மூலையின் தரை 32–34 டிகிரி. புற ஊதா பி விளக்கு வைப்பதானால் மிகக் குறைந்த திறனுள்ளது, தொட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும். மறுபக்கம் முழு இருட்டான மறைவிடம் கட்டாயம். விளக்கே வைக்காவிட்டால் இரையின் மேல் தூவும் கால்சியத்தில் வைட்டமின் டி3 இருக்க வேண்டும்.

நோய் தரும் மரபணுவோடு சேர்ப்பது

அல்பினோவை மேலும் பளிச்சென்று ஆக்க எனிக்மா என்ற இன்னொரு மரபணுவைச் சேர்ப்பது வழக்கம். நோவா என்பது ராப்டரும் எனிக்மாவும். எனிக்மா ஓங்கு மரபணு, ஒரு பிரதியே போதும். அதோடு நரம்புக் கோளாறும் வரும்: வட்டமடித்தல், தலை சாய்தல், மேலே பார்த்தபடி உறைதல், இரைக்குக் குறி தப்புதல். ஏற்கெனவே கண் பலவீனமான விலங்குக்கு இதையும் சேர்ப்பது கொடுமை. லெமன் ஃபிராஸ்ட் என்ற நிற வகை இன்னும் மோசம். 2021இல் பிளாஸ் ஜெனடிக்ஸ் ஆய்விதழில் வந்த ஆய்வு, அந்த நிறத்தைத் தரும் மரபணுப் பகுதியே வெண்ணிற நிறமிச் செல்களில் கட்டிகளை உண்டாக்குவதோடு தொடர்புடையது என்று காட்டியது. லெமன் ஃபிராஸ்ட் பல்லிகளில் 80%க்கு மேல் கட்டி வந்தது. நிறத்தையும் கட்டியையும் பிரித்தெடுத்து வளர்க்க முடியவில்லை. அல்பினோ லெமன் ஃபிராஸ்ட் என்று யாராவது விற்க வந்தால், திரிபைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.