ஸ்டார்ட்-ஸ்டாப் காரில் ஏசி குளிர் போகாமல் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது எப்படி?

கத்திரி வெயில், மதியம் 1 மணி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அம்மா பின் சீட்டில். நியூட்ரலுக்குத் தள்ளி கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் தானாக அணைந்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. "இன்னாடா, வண்டி நின்னுபோச்சா? வெறும் ஃபேன் காத்துதான் வருது" என்றார். வண்டி பழுதாகவில்லை, பெட்ரோல் மிச்சமாக அதுவே அணைத்துக்கொள்கிறது என்று விளக்கினேன். "மிச்சம் புடிச்சு என்ன பண்ணப்போற, முதல்ல ஏசியப் போடு" என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம், காரை எடுத்ததும் முதல் வேலையாக, நிற்கும்போது என்ஜினை இப்படித் தானாக அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யும் அந்த ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியை அதன் பொத்தானை அமுக்கி அணைத்துவிடுவேன். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் போய்வருகிறவன் நான். வழியில் கண்டெய்னர் லாரி வரிசையும் சிக்னல்களுமாக அரை மணி நேரம் நின்றே போகிறது. பெட்ரோல் விலை 100 ரூபாயை ஒட்டி நிற்கும்போது மனசு கேட்கவில்லை. சில மாதம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, வீட்டில் சண்டை வராத ஒரு முறைக்கு வந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னுடையது மேனுவல் கியர் போட்ட சின்ன பெட்ரோல் கார். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்குக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: உங்கள் ஏசியை எது ஓட்டுகிறது என்று பாருங்கள்

பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரசரை என்ஜினிலிருந்து வரும் பெல்ட்தான் சுற்றுகிறது. என்ஜின் நின்றால் கம்ப்ரசரும் நிற்கும். காற்றை ஊதும் ஃபேனான ப்ளோயர் மட்டும் பேட்டரியில் ஓடும். டேஷ்போர்டுக்குள் இருந்து காற்றைக் குளிரவைக்கும் எவாபரேட்டர் கொஞ்ச நேரம் ஜில்லென்று இருப்பதால் அதுவரை குளிர்காற்று வரும், அப்புறம் வெக்கைதான். எவாபரேட்டரில் படிந்திருந்த தண்ணீர் ஆவியாகிக் காற்றோடு வருவதால் பிசுபிசுப்பும் லேசான ஈர வாடையும் சேர்ந்துகொள்ளும். அம்மா சொன்ன 'ஃபேன் காத்து' அதுதான்.

பின்னால் 'ஹைப்ரிட்' என்று ஒட்டியிருந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். மைல்டு ஹைப்ரிட் (மோட்டார் என்ஜினுக்குக் கைகொடுக்க மட்டும்) கார்களில் பெரும்பாலும் இதே பெல்ட் கம்ப்ரசர்தான். ஸ்ட்ராங் ஹைப்ரிட் (மோட்டார் மட்டுமே கொஞ்ச தூரம் காரை ஓட்டும் வகை) என்றால் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடும், என்ஜின் அணைந்தாலும் ஏசி நிற்காது. அந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

(ஜப்பானில் 2012இல் வந்த வேகன் ஆரில், எவாபரேட்டருக்குள்ளேயே உறைந்து குளிரைப் பிடித்துவைக்கும் ஒரு பொருளைச் சேர்த்திருந்தார்கள். என்ஜின் நின்றபின்பும் காற்று கூடுதல் நேரம் ஜில்லென்று வரும். என் காரில் அது இல்லை. சென்னை வெயிலுக்குத்தான் அது முதலில் வந்திருக்க வேண்டும்.)

இரண்டாம் படி: சிக்னலுக்கு முன்பே உள்ளே குளிர வையுங்கள்

வெயிலில் நின்ற காரை எடுத்தால் முதல் இரண்டு நிமிஷம் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். சூடான காற்று வெளியே போனபின் கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்க்குலேஷனைப் போடுங்கள். கொடுங்கையூர் குப்பைக்கிடங்குப் பக்கம் போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆட்டோமேட்டிக் ஏசி உள்ளவர்கள் வெப்பநிலையை 18இல் வைத்துவிட்டு "என் வண்டி சிக்னலில் நிற்பதே இல்லை" என்கிறார்கள். நிற்காதுதான். உள்ளே இருக்கும் சூட்டுக்கும் நீங்கள் கேட்ட குளிருக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் கார் என்ஜினை அணைக்காது. 24, 25இல் வையுங்கள். மேனுவல் ஏசியில், குமிழைக் கடைசி வரை திருப்பி ப்ளோயரை 4இல் வைத்தால் இதே கதைதான்.

மூன்றாம் படி: நிற்கும்போது ப்ளோயரைக் குறையுங்கள்

என்ஜின் நின்றபின் எவாபரேட்டரில் இருக்கும் குளிர் ஒரு டம்ளர் மோர் மாதிரி. ப்ளோயர் 4இல் ஓடினால் ஒரே மடக்கில் காலி, 1இல் ஓடினால் மெதுவாக உறிஞ்சலாம். சமையலறைத் தெர்மாமீட்டரை ஏசி துவாரத்தில் செருகி வைத்துப் பார்த்தேன். என் காரில் வேகம் 4இல் அரை நிமிஷத்திலேயே காற்று வெதுவெதுப்பானது. 1இல் ஒன்றரை நிமிஷம் தாங்கியது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சிவப்பு விழுவதற்கு அது போதும்.

சிவப்பைப் பார்த்ததும் முதலில் ப்ளோயரை இறக்கு, அப்புறம் நியூட்ரல். ஒரு வாரத்தில் கை தானாகப் பழகிவிடும்.

நான்காம் படி: எந்த நிறுத்தத்தில் அணைய விடுவது?

10 விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால், நின்ற இடத்திலேயே என்ஜினை ஐடிலிங்கில் ஓடவிடுவதைவிட அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்வதில்தான் பெட்ரோல் குறைவாகச் செலவாகும். அதற்கும் குறைவு என்றால் லாபம் இல்லை. அதனால் கவுண்ட்டவுன் ஓடும் சிக்னலில் எண்ணைப் பாருங்கள். ஏழு, எட்டு என்றால் கிளட்சை மிதித்தபடியே இருங்கள், என்ஜின் அணையாது. அதற்காக நீண்ட சிவப்பிலும் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள், கிளட்சுக்குள் இருக்கும் ரிலீஸ் பேரிங் தேயும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் கணக்கு வேறு. நான்கு மீட்டர் நகர், நில், மறுபடி ஆறு மீட்டர். அங்கே ஸ்டார்ட்-ஸ்டாப் பொத்தானை அணைத்துவிடுவேன், கூச்சமே இல்லாமல். பல கார்களில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டி ஓடினால்தான் மறுபடி அணையும் என்பதால் அப்படி ஊர்ந்து போவதில் லாபமும் பெரிதாகக் கிடைக்காது.

ரயில்வே கேட்டில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் சாவியையே திருப்பி அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, முடிந்தால் நிழலில் நில்லுங்கள். இங்கே முக்கியமான ஒன்று: என்ஜின் தானாக அணைந்திருக்கும்போது 'ஆஃப்தானே' என்று இறங்கிப் பொரி வாங்கப் போகாதீர்கள். வண்டி இன்னும் ஆனில் இருக்கிறது. உள்ளே சூடேறினாலோ பேட்டரி இறங்கினாலோ அதுவே என்ஜினை ஸ்டார்ட் செய்துகொள்ளும். குழந்தை உள்ளே இருந்தால் ஒரு நிமிஷம்கூட விட்டுப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: பேட்டரி. நான் விழுந்த இடம்

இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் என் பணமும் இரண்டு மாதமும் போனது இங்கேதான்.

முறையை எல்லாம் கற்றுக்கொண்டு பொத்தானை மறுபடி ஆனில் விட்டால், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலையே செய்யவில்லை. டேஷ்போர்டில் குறுக்குக் கோடு போட்ட விளக்கு மட்டும். சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். ஒன்றும் மாறவில்லை. ஏசி கேஸ் குறைவு என்றார் இன்னொருவர், அதுவும் இல்லை.

அதற்குச் சில வாரம் முன்னால் பழைய பேட்டரி செத்து, அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் அதே அளவில் புதுசு மாட்டியிருந்தேன். அது சாதாரண பேட்டரி! ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களுக்கு ஈஎஃப்பி (EFB) அல்லது ஏஜிஎம் (AGM) என்ற வலுவான வகை பேட்டரி வேண்டும். ஒரு நாளில் பல தடவை ஸ்டார்ட் ஆவதையும், இடையில் ப்ளோயர், பாட்டு, விளக்கு எல்லாம் இழுப்பதையும் அவைதான் தாங்கும். சாதாரண பேட்டரி போட்டால் கார் ஓடும், ஆனால் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். தளர்ந்த பேட்டரியை நம்பி கார் என்ஜினை அணைக்காது. வெளியே சூடு அதிகமானால் பேட்டரி ஆயுள் இன்னும் குறையும், அது நம் ஊருக்குத் தனியாகக் கிடைத்த வரம்.

அதோடு முடியவில்லை. நெகட்டிவ் டெர்மினலில் சின்னதாக ஒரு பெட்டி இருக்கிறதே, அது சென்சார். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறது, வருகிறது என்று கணக்கு வைப்பது அதுதான். கடைக்காரர் சார்ஜ் போடும்போது கிளிப்பை நேராக பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே கவ்வவிட்டார். அப்படிச் செய்தால் உள்ளே போன சார்ஜ் சென்சாருக்குத் தெரியாது, பேட்டரி காலி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். நெகட்டிவ் கிளிப்பைக் காரின் உலோக உடலில், கையேட்டில் காட்டிய எர்த் இடத்தில் மாட்ட வேண்டும். பேட்டரி மாற்றினால் சில கார்களில் ஸ்கேனர் போட்டுப் பதிவு செய்ய வேண்டும், சிலவற்றில் சில மணி நேரம் பூட்டி அசையாமல் விட்டால் அதுவே கற்றுக்கொள்ளும். என் காருக்கு இரண்டாவது வழி போதுமாக இருந்தது. ஈஎஃப்பி போட்டு, ராத்திரி முழுக்கப் பூட்டி வைத்து, காலையில் எடுத்தால் தேரடி சிக்னலில் அழகாக அணைந்தது.

ஈஎஃப்பிக்கு நான் கொடுத்தது, சாதாரண பேட்டரியைவிட ஏறத்தாழ 2,000 ரூபாய் கூடுதல். இதில் மிச்சம் பார்க்காதீர்கள்.

கருவிகள்: சிகரெட் லைட்டரில் செருகும் 200, 300 ரூபாய் வோல்ட்மீட்டர் போதும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது, 12.2க்குக் கீழே என்றால் பாதிதான் மிச்சம். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவி எல்லாம் ஆர்வக்கோளாறுக்கு. பொத்தானை நிரந்தரமாக அணைத்து வைக்கும் சின்னக் கருவிகள் இணையத்தில் விற்கிறார்கள். வயரை வெட்டி மாட்டும் எதையும் வாரண்ட்டி உள்ள காரில் தொடாதீர்கள்.

ஆறாம் படி: மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் வெக்கை போய்க் கண்ணாடி மூடுபனி வரும். என்ஜின் அணைந்து ஏசி நின்றதும் முன்கண்ணாடி உள்ளே ஆவி படிந்துவிடும். அப்போது ரீசர்க்குலேஷனை எடுத்துவிட்டு முன்கண்ணாடி டீஃபாகரைப் போடுங்கள். பல கார்களில் டீஃபாகர் ஓடும்வரை என்ஜின் அணையாது. மழையில் பெட்ரோல் கணக்குப் பார்க்க வேண்டாம்.

எவ்வளவுதான் மிச்சம்?

டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நான் நம்புவதில்லை. ஒரே பங்க், ஒரே பம்பு, ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வேன். பொத்தான் அணைத்திருந்த மாதம் லிட்டருக்கு 13.1 கிலோமீட்டர், இந்த முறையில் 14.0. மாதத்துக்கு 300, 400 ரூபாய். கோடீஸ்வரன் ஆகமுடியாது, ஆனால் பேட்டரிக்குக் கொடுத்த கூடுதல் காசு அரை வருஷத்தில் திரும்பிவிடும்.

பின்சேர்க்கை 1: ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் இல்லையே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பல கார்களில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் அணையும், லேசாக மிதித்து நின்றால் அணையாது. காலி இடத்தில் நான்கைந்து தடவை பழகிப் பாருங்கள், உங்கள் காரின் அழுத்தம் பிடிபடும். சரிவில் மட்டும் லேசாக மிதிக்கும் விளையாட்டு வேண்டாம்.

பின்சேர்க்கை 2: ஓடும்போது வோல்ட்மீட்டர் 12.8 காட்டுகிறது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டதா என்று ஒருவர் பயந்துபோய் எழுதியிருந்தார். இந்த மாதிரி கார்களில் ஆல்டர்னேட்டர் எப்போதும் 14இலேயே நிற்காது. பெட்ரோல் மிச்சமாக வேகமெடுக்கும்போது சார்ஜைக் குறைத்து, பிரேக் போடும்போது ஏற்றும். எண் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். நாள் முழுக்க ஒரேயடியாகக் கீழேயே கிடந்தால் மட்டும் காட்டுங்கள்.

பின்சேர்க்கை 3: காசிமேட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒரு நண்பர், அங்கே பிரச்சினை தலைகீழ் என்கிறார். உள்ளே சூடு வேண்டும், ஆனால் தேவையில்லாமல் என்ஜினை ஓடவிடுவது அங்கே சட்டப்படி தப்பு, காலையில் நிறுத்திவைத்தே சூடாக்க முடியாது. ஹீட்டர் விஷயத்தில் அவருக்கு நம்மைவிட அதிர்ஷ்டம். ஏசி குளிர் கம்ப்ரசரோடு நின்றுவிடும், ஹீட்டர் சூடோ என்ஜினுக்குள் சுற்றி ஓடும் கூலன்ட் திரவத்திலிருந்து வருகிறது. 90 டிகிரி வாக்கில் இருக்கும் கூலன்ட் சில நிமிஷத்தில் ஆறிவிடாது. என்ஜின் நின்றபின்பும் அதைச் சுற்றவிட மின்சார பம்ப் வைத்த கார்களும் உண்டு. கூலன்ட் போதுமான அளவு சூடாகும்வரை கார் என்ஜினை அணைக்கவே அணைக்காது. டிசம்பரில் ஊட்டிக்குப் போகிறவர்கள் காலையில் முதல் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யவில்லை என்று எனக்கு எழுத வேண்டாம், அது பழுது இல்லை.