பழைய ரிவால்வருக்கு மெருகு ஏற்றாதீர்கள்

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். போனைத் திறந்து படம் காட்டினார். தாத்தா வாங்கிய வெப்லி, இங்கிலாந்துக் கம்பெனியின் ரிவால்வர், 32 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு). அப்பா காலமானபின் வாரிசு முறையில் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கியிருக்கிறார். "அண்ணா, நிக்கல் முலாம் போட்டா புதுசு மாதிரி ஆயிடும்ல?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே கேள்வி. அப்போது என்னைத் தடுக்க ஆள் இல்லை.

தோட்டா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், விசையில் விரலை வைக்காதீர்கள் என்பதெல்லாம் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய ரிவால்வரின் கதையைத் தேடி இறங்குகிறவர்கள் தடுக்கி விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பேரலில் இருக்கும் வருஷம்

அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ரிவால்வரின் பேரல் (குழல்) மேல் 1906, 1909, 1914 என்று தேதிகள் வரிசையாக இருக்கும். உடனே "1914 மாடல்" என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். அவை காப்புரிமை வாங்கிய தேதிகள். அதே கம்பெனி இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த விக்டரி மாடலிலும் இதே தேதிகள்தான் இருக்கின்றன. அந்த மாடலுக்கு 1942 முதல் சீரியல் நம்பருக்கு முன்னால் 'வி' என்ற எழுத்து வரும். நம்பரைப் பார்க்காமல் வருஷம் சொல்லாதீர்கள்.

மெருகு

என்னுடையதும் தாத்தாவின் வெப்லிதான். துரு பிடிக்காமலிருக்க இரும்பில் ஏற்றும் கருநீல புளூயிங் பாதி போய், பிடிக்குப் பக்கத்தில் பழுப்புத் துரு. அதைப் பார்க்கவே எனக்கு வருத்தமாக இருந்தது. புல்லட் மோட்டார் சைக்கிளின் சைலன்சருக்கு முலாம் போடுகிற ஒரு பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லைசென்ஸ் இல்லாத கையில் துப்பாக்கியைக் கொடுப்பதே குற்றம், பழுது பார்க்கவும் தனி உரிமம் வேண்டும் என்பது எனக்கு அன்று தெரியாது.

முலாம் பிடிக்க வேண்டுமானால் இரும்பு வழவழப்பாக இருக்க வேண்டும். அதற்காக பஃபிங் சக்கரத்தில் பிடித்துத் தேய்ப்பார்கள். பழைய ரிவால்வரில் எழுத்துகள் தலைமுடி ஆழத்துக்குத்தான் பதிந்திருக்கும். சக்கரம் இரண்டு நிமிஷம் சுற்றினால் போதும். மூன்றாம் நாள் கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

என்ன போயிற்று என்பது லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது தெரிந்தது. புத்தகத்தில் நம்பர் ஐந்து இலக்கம். ஃபிரேமில் (துப்பாக்கியின் உடலில்) தெரிந்தது மூன்று. ஆயுதச் சட்டம் 1959, 8-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அழிக்கக் கூடாது. அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. தோட்டா போடும் சிலிண்டரில் இருந்த நம்பர் தப்பியதால் நான் பிழைத்தேன். அதற்கும் நான்கு மாதம் அலைந்தேன், வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன்.

நம்பர் விவகாரம் ஒருவழியாகத் தீர்ந்தது. மற்றவை போனது போனதுதான். துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரைகள் இருந்தன: கிரீடம், அதற்குக் கீழே 'பி.வி', 'பி.பி', 'என்.பி'. இந்த மூன்றும் 1904-க்குப் பிந்தியவை. அதற்கு முன் என்றால் குறுக்காகப் போட்ட இரண்டு செங்கோல்கள் இருக்கும். வயதைச் சொல்ல நம்பரைப் போல இதுவும் நல்ல சாட்சி. என்னுடையதில் கிரீடத்தின் ஒரு முனை மட்டும் மிச்சம்.

அப்புறம் மேல்பட்டை, சிலிண்டருக்கு மேலே ஓடும் இரும்புப் பட்டை. நம் நாட்டில் விற்ற வெப்லிகளில் விற்ற கடையின் பெயரை அங்கே வெட்டியிருப்பது உண்டு. தாத்தா அதை எங்கே, யாரிடம் வாங்கினார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் 'ஆர்.ஏ.எஸ்' என்று மூன்று எழுத்து தெரிகிறது. மெட்ராஸின் கடைசி மூன்று எழுத்து. கடையின் பெயர் சக்கரத்தோடு போய்விட்டது. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் வருகிறது.

துரு பரவாமல் இருக்க மெல்லிய எண்ணெயும் பருத்தித் துணியும் போதும். கெட்டித் துருவுக்கு எண்ணெய் விட்டு ஒரு வாரம் பொறுத்து, பழைய செப்புக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டலாம். செம்பு இரும்பைக் கீறாது. எமரி தாள் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

தோல் உறை

அதில் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும்.

மன்றோ துரை கொடுத்தது

'எங்கள் வெப்லி மன்றோ துரை கொடுத்தது' என்ற கதையைத் தருமபுரிப் பக்கம் மூன்று வீடுகளில் கேட்டுவிட்டேன். தாமஸ் மன்றோ இங்கே பாராமகாலில் (தருமபுரி, சேலம் வட்டாரத்தின் பழைய பெயர்) அலெக்சாண்டர் ரீடு என்ற அதிகாரிக்கு உதவியாக இருந்தது 1792 முதல் 1799 வரை. மெட்ராஸ் கவர்னராக இருக்கும்போதே 1827-இல் இறந்தார். 'வெப்லி அண்ட் ஸ்காட்' என்ற கம்பெனிப் பெயரே 1897-இல்தான் வந்தது. அந்தப் பெயர் பொறித்த ரிவால்வரை அவர் எப்படிக் கொடுத்திருப்பார்? வீட்டுக் கதையை எழுதி வையுங்கள், அது வேண்டும். யார் சொன்னார், எந்த வருஷம் சொன்னார் என்று சேர்த்து எழுதுங்கள். துப்பாக்கியின் வரலாறு என்ற தலைப்பில் அதைப் போடாதீர்கள்.

குட்டையான 'புல்டாக்' ரிவால்வர்களும் இப்படித்தான். எல்லாமே இங்கிலாந்துச் சரக்கு என்பார்கள். சிலிண்டரில் முட்டை வடிவ வளையத்துக்குள் 'ஈ.எல்.ஜி' இருந்தால் அது பெல்ஜியத்தின் லீஜ் நகரத்தில் சோதித்தது.

பழசுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது

வேண்டும். சட்டம் விலக்குத் தருவது பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு. நூறு வயது ஆகிவிட்டது என்பது மட்டும் காரணம் ஆகாது. 38, 455 போர் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட துளை அளவு வகை, அவற்றின் விதி இன்னும் கடுமை. பரணில் கிடைத்தால் முதலில் ஸ்டேஷன், பிறகு ஆராய்ச்சி. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே சேகரிப்பு என்றால் என்னைப் பொறுத்தவரை படமும் குறிப்பும்தான். நோட்டில் இதுவரை நாற்பத்தொரு ரிவால்வர்கள் இருக்கின்றன, வீட்டில் ஒன்றுதான்.

பழைய லைசென்ஸ் புத்தகம்

புதுசு வந்ததும் பழசைத் தூக்கிப் போடுகிறார்கள். போர், நம்பர், வாங்கிய இடம், தோட்டா வாங்கிய தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அது எடைக்குப் போய்விட்டது. கையில் 'ஆர்.ஏ.எஸ்' மட்டும்தான்.

பாலக்கோட்டுத் தம்பி வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போனேன். துப்பாக்கியை அவரே எடுத்து, திறந்து காட்டி, துணி மேல் வைத்தார். மேல்பட்டையில் சாக்பீஸ் பொடியை விரலால் தடவி ஊதினோம். துருவுக்கு நடுவில் 'கல்கத்தா' என்று முடிகிற ஒரு வரி வெள்ளையாக எழுந்து வந்தது. முன்பாதி தெரியவில்லை. அவருடைய அம்மா உள்ளே போய் டிரங்குப் பெட்டியில் துழாவி, அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். எழுத்தெல்லாம் மங்கிய ஊதா மை. பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பக்கம் படித்திருக்கிறோம். இன்னும் பதினொரு பக்கம் இருக்கிறது.