தரையைப் பார்த்து நடங்கள்: இங்கிலாந்தின் இலையுதிர் காட்டுக்கு ஒரு நாள்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் காடு என்றதும் முதுமலையை மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினால் ஏமாற்றம்தான். பல காடுகளில் ஒரு பக்கம் நுழைந்து அரை மணி நேரம் நடந்தால் மறுபக்கம் கோதுமை வயலும் தேவாலயக் கோபுரமும் தெரியும். முதல் முறை போனபோது நான் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன். ஒரே பச்சை. மே மாதக் கடைசி வாரம் என்பதால் பூக்கள் எல்லாம் காயாகியிருந்தன. துணிக் காலணி களிமண்ணில் புதைந்து, ஒரு கால் மட்டும் வெளியே வந்தது. குனிந்து அதைப் பிடுங்கும்போதுதான் அந்தத் தரையை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன்.

நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு. உதாரணத்துக்கு லண்டனிலிருந்து எளிதாகப் போகக்கூடிய ஆஷ்ரிட்ஜ் காட்டை எடுத்துக்கொள்கிறேன். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் சில்ட்டர்ன் குன்றுகளின் மேல் இருக்கிறது. நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் பராமரிக்கிறது. வேறு காட்டுக்குப் போகிறவர்களுக்கும் படிகள் இவையேதான்.

1. நாளைக் குறியுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். நம் ஊர் இலையுதிர் காட்டில் மரங்கள் வறட்சிக்குப் பயந்து இலையை உதிர்க்கின்றன. இங்கே குளிருக்கும் வெளிச்சக் குறைவுக்கும் உதிர்க்கின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மரங்கள் மொட்டையாக நிற்பதால் வெயில் நேராகத் தரையில் விழுகிறது. மார்ச்சில் வெயிலுக்குக் கொஞ்சம் சூடு வரும். மே நடுவில் மேலே இலைக்கூரை மூடிக்கொள்ளும். இந்த இடைவெளிக்குள் தரைச் செடிகள் இலை விட்டுப் பூத்து ஆண்டின் பிழைப்பை முடித்துக்கொள்ள வேண்டும். எனவே முதலில் வெள்ளை அனிமோன் பூக்கும். பிறகு மணி வடிவ நீலப் புளூபெல். ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும் பாதுகாப்பான கணக்கு. குளிர் நீண்ட ஆண்டில் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

அது தவறிவிட்டால் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ போங்கள். பீச் மர இலைகள் செம்பு நிறமாகும் காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நிழலுக்கு வேண்டுமானால் போகலாம். முதல் பயணத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

2. வரைபடம் வாங்குங்கள்

கைபேசி போதும் என்பவர்களுக்கு ஒரே பதில்: காட்டுக்குள் சிக்னல் போய்விடும். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் வரைபடங்களில் நான்கு சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். ஆஷ்ரிட்ஜுக்கு 181-ஆம் எண். வெளிர் பச்சையில் உருண்டைத் தலை மரம் வரைந்திருந்தால் இலையுதிர் காடு. கூம்பு மரம் வரைந்திருந்தால் ஊசியிலைக் காடு.

பச்சை நிறக் குறுங்கோடுகள் நடைபாதைகள். நீண்ட கோடுகள் குதிரையும் சைக்கிளும் போகலாம் என்ற பாதைகள். ஸ்காட்லாந்தில் இருப்பதுபோல எங்கும் நடக்கும் உரிமை இங்கிலாந்தில் இல்லை. தனியார் நிலத்தின் நடுவே பொதுப் பாதை போகும். அந்தப் பாதையில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாதையை விட்டு விலகினால்தான் பிரச்சினை.

3. காலுக்கு முதலில், உடம்புக்குப் பிறகு

சில்ட்டர்ன் குன்றுகளின் அடியில் சுண்ணாம்புப் பாறை. உச்சியில் தீக்கல் கலந்த களிமண். மழை பெய்து மூன்று நாள் ஆனாலும் அந்தச் சேறு காயாது. காலணியின் அடியில் அப்பி, அடிக்கு ஒரு கிலோ ஏறியதுபோல் கனக்கும். கணுக்காலைப் பிடிக்கும், நீர் புகாத காலணி போடுங்கள். வெயிலடித்தாலும் முழுக்கால்சட்டைதான். மழைக்கோட்டு கட்டாயம். குடை வேண்டாம், கிளைகள் கிழித்துவிடும்.

தண்ணீர், சாப்பாடு, இடுக்கி ஒன்று. இடுக்கி எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

4. போய்ச் சேருவது

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ட்ரிங் வரை ரயிலில் ஏறத்தாழ 40 நிமிடம். எல்லா ரயிலும் நிற்காது, பார்த்து ஏறுங்கள். நிலையத்திலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் ஆல்ட்பரி கிராமம். நடுவில் ஒரு குளம், அதன் பக்கத்தில் அந்தக் காலத்தில் குற்றவாளிகளின் காலை மாட்டிவைத்த மரக்கட்டை. கிராமத்தைத் தாண்டியதும் ஏற்றம், ஏற்றத்திலேயே காடு. மேலே பிரிட்ஜ்வாட்டர் நினைவுத் தூண் நிற்கிறது. கால்வாய் வெட்டிப் பெரும் பணக்காரரான பிரிட்ஜ்வாட்டர் கோமகனின் நினைவாக 1832-இல் கட்டியது. உள்ளே 172 படிகள். பக்கத்தில் தேநீரும் கழிப்பறையும் கிடைக்கும். இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு மரங்கள்தான்.

வழியில் வேலியைத் தாண்ட மரப்படிகள் வரும். கதவுகளும் வரும். திறந்திருந்த கதவைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போக வேண்டும். மாடுகள் இருக்கும் வயலில் சுற்றி நடங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள். அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

5. தரையைப் படியுங்கள்

இனிமேல்தான் விஷயம்.

இங்கிலாந்தில் 1600-ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் காடாக இருந்துவரும் இடத்தைத் 'தொன்மைக் காடு' என்று வகைப்படுத்துகிறார்கள். பக்கத்தில் நிற்கும் மரம் நேற்று நட்டதாக இருக்கலாம், மண் பழையது. அந்த வயதைப் பூச்செடிகள் சொல்லிவிடும். ஆறேழு இதழ்களுடன் நட்சத்திரம்போல் இருக்கும் வெள்ளை அனிமோன், வேர்த்தண்டை நீட்டியே பரவுகிறது. நூறு ஆண்டில் ஆறடி என்பது கணக்கு. வயல் அளவுக்கு அனிமோன் விரிந்திருந்தால் அந்த மண்ணை யாரும் வெகுகாலமாக உழவில்லை என்று பொருள். புளூபெல்லும் அவசரம் தெரியாத செடிதான். உலகில் இருக்கும் புளூபெல்லில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில் இருக்கிறது.

ஒரு புளூபெல் தண்டின் முன் முட்டி போட்டு உட்காருங்கள். நாட்டுச் செடியாக இருந்தால் தண்டின் நுனி ஒரு பக்கமாகக் கவிழ்ந்து, மணிகள் எல்லாம் அதே பக்கம் தொங்கும். மணியின் வாய் விளிம்பு வெளியே சுருண்டிருக்கும். உள்ளே மகரந்தம் பால் வெள்ளையாக இருக்கும். மூக்கை வைத்தால் இனிய வாசம் வரும். தோட்டங்களிலிருந்து தப்பி வந்த ஸ்பானிஷ் புளூபெல் விறைப்பாக நிற்கும், சுற்றிலும் பூ வைக்கும், மகரந்தம் நீலம், வாசம் கிடையாது. இரண்டும் கலந்து கலப்பினமாகிவிடுவது இங்கே ஒரு கவலை.

பாதையை விட்டு ஓர் அடிகூட உள்ளே வைக்காதீர்கள், படமெடுக்கவும். இலை நசுங்கினால் கிழங்குக்கு உணவு சேராது. மிதிபட்ட திட்டு பழையபடி பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். ஆஷ்ரிட்ஜில் டாக்கி வுட் என்ற பகுதிக்குப் பூக்காலத்தில் இந்தக் காரணத்துக்காகவே கட்டணம் வசூலித்திருக்கிறார்கள். கிழங்கைத் தோண்டி எடுப்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அடுத்து சருகு. ஒரு கை அள்ளிப் பாருங்கள். அலை அலையாக வெட்டிய விளிம்பு என்றால் ஓக். முட்டை வடிவில் ஓரம் லேசாக நெளிந்து, தாள்போல் மொடமொடவென்று இருந்தால் பீச். பீச் இலை மக்க நாளாகும். அதனால் பீச் மரத்தின் அடியில் கம்பளம் விரித்ததுபோல் சருகுதான், செடி குறைவு. சருகிலிருந்து அப்படியே கண்ணை மேலே உயர்த்தினால் யானைக் கால்போல வழவழப்பான சாம்பல் நிற அடிமரம் தெரியும். இப்போது அண்ணாந்து பார்க்கலாம். ஏப்ரல் இறுதியில் பீச் கொழுந்தின் விளிம்பில் பூனைமயிர்போல் வெள்ளை ரோமம் இருக்கும். வெயில் பட்டால் இலை முழுவதும் எலுமிச்சைப் பச்சையில் மினுங்கும். இரண்டு வாரத்தில் அந்த ரோமம் போய்விடும்.

மொட்டையாக நிற்கும் மரத்தின் கிளை நுனியில் கரிக்கட்டை நிறத்தில் மொட்டு இருந்தால் அது ஆஷ். ஓக் முந்தித் துளிர்த்தால் தூறல், ஆஷ் முந்தினால் அடைமழை என்று ஒரு நாட்டுப்புற வழக்கு உண்டு. வசந்தம் சூடேற ஏற ஓக் வேகமாக முந்துகிறது. ஆகவே இந்தச் சோதிடத்தில் பெரும்பாலும் தூறல்தான் வரும். ஆனால் மழை அதைக் கேட்பதில்லை. 2012-இல் இங்கே கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோயால் ஆஷ் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்துவருகின்றன. நுனி காய்ந்த மரங்களின் கீழே, அதுவும் காற்றடிக்கும் நாளில், உட்கார வேண்டாம்.

6. பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்

பேசாமல், நகராமல். டக்கரக்கரக் என்று வேகமாக முரசடிப்பது மரங்கொத்தி. இரை தேடி அல்ல, இடத்துக்கு உரிமை கொண்டாடி. 'குக்கூ' என்று சுவர்க் கடிகாரம்போல் கேட்டால் அதிர்ஷ்டம். நாம் குயில் என்று சொல்லும் பறவை அல்ல அது, அதன் உறவு. நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும். இது சின்னஞ்சிறு குருவிகளின் கூட்டில் இடும்.

நாய் ஒன்று விட்டு விட்டுக் குரைத்தால் பயப்படாதீர்கள். அது மன்ட்ஜாக் மான். நம் மலைக்காடுகளில் கேளையாடு என்று சொல்கிறோமே, அதன் சீன உறவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள், இப்போது புளூபெல்லையும் மேய்கிறது. யாரோ நாயைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து நான் முதல் முறை கால் மணி நேரம் தேடினேன்.

7. தொடக்கூடாதவை

நெட்டில் என்ற செடி நம் ஊர்ச் செந்தட்டி மாதிரி. பட்டால் சுரீர் என்று எரியும், சில மணி நேரத்தில் போய்விடும். காட்டுப்பூண்டைப் பறித்துத் துவையல் அரைக்கலாம் என்று ஆசை வரும். அதன் நடுவிலேயே ஆரம் என்ற நச்சுச் செடி இலை விட்டிருக்கும். முகர்ந்து பார்த்துப் பறிக்கலாம் என்பார்கள். மூன்றாவது இலையில் விரல் முழுவதும் பூண்டு வாசம், அதன் பிறகு எல்லா இலையும் பூண்டுதான். முதல் பயணத்தில் எதையும் பறிக்காதீர்கள்.

இப்போது இடுக்கி. பெரணிப் புதரிலும் நீண்ட புல்லிலும் உண்ணி இருக்கும். குட்டி உண்ணி கசகசா அளவுதான். லைம் என்ற நோயைச் சில உண்ணிகள் பரப்புகின்றன. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் மெதுவாக நேரே மேலே இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். பிறகு சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

8. திரும்புவது

நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காட்டுக்குள் இன்னும் முன்பாகவே. இரண்டரைக்குத் திரும்பத் தொடங்குங்கள். மே மாதத்தில் அந்தக் கவலை இல்லை. வெளியே வந்ததும் குச்சியால் காலணிச் சேற்றைச் சுரண்டிவிடுங்கள். மரநோய்க் கிருமிகள் அந்தச் சேற்றில்தான் அடுத்த காட்டுக்குப் பயணம் போகும். வீட்டில் காலணிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். அருகே வைத்தால் தோல் வெடித்துவிடும். மறுநாள் காலையில் தாளை மாற்றுங்கள்.