பழைய இசைத்தட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி

பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் வாங்கிய தட்டோ, தாத்தா அலமாரியில் கிடந்ததோ, முதலில் பூசணம் இருக்கிறதா என்று பாருங்கள். பினாங்கு ஈரக்காற்றில் அது உறைக்குள்ளேயே வளர்ந்துவிடும். விளக்கடியில் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் மங்கலான வெள்ளைப் புள்ளிகள் தெரியும். துடைக்காமல் ஓட்டினால் ஊசிமுனையில் பஞ்சு போல் திரண்டு, 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் கரகரக்கும். அதை எந்த மென்பொருளாலும் பிறகு சரிசெய்ய முடியாது.

கழுவுவதற்கு முன் அது வினைலா, அரக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 33, 45 முறை சுற்றும் தட்டுகள் பெரும்பாலும் வினைல். கனமாக, கீழே விழுந்தால் உடையக்கூடிய 78 சுற்றுத் தட்டு அரக்கு. வினைலுக்கு 800 மி.லி. வடிநீர் (டிஸ்டில்ட் வாட்டர்), 200 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு. ஆல்கஹால் ஃபார்மசியில் கிடைக்கும். மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் வடிநீரில் அலசுங்கள். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு படியும். அரக்குத் தட்டில் ஆல்கஹால் பட்டால் பாட்டே கரைந்துவிடும். அதற்கு வடிநீரும் ஒரு சொட்டுச் சோப்பும் போதும், உடனே துடைத்துவிட வேண்டும். லேபிள் நனையக்கூடாது. வெயிலில் காய வைக்காதீர்கள், வளைந்துவிடும். காய்ந்ததும் புது உள்ளுறையில் போடுங்கள்; பழைய உறையில் பூசணம் இன்னும் இருக்கும்.

ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் தயாரிப்பாளர் சொல்லும் எடையை ஊசிக்கு வையுங்கள். சாதாரண மூவிங் மேக்னட் வகைக்கு 2 கிராம் அளவில் வரும். லேசாக வைத்தால் தட்டு தப்பிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எடை குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளிச் சுவரைத்தான் கொத்தும். 78க்குத் தனி ஊசி வேண்டும், ஏறக்குறைய 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனை. வினைல் ஊசி அகலமான பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசிக்கும்.

பிளேயரில் தட்டைச் சுழற்றும் பழைய பெல்ட் தளர்ந்திருந்தால் பாட்டு இழுக்கும். தட்டின் ஓரத்தில் சின்னத் தாள் ஒட்டி எண்ணுங்கள்: 3 நிமிடத்தில் 33⅓ என்றால் 100 சுற்று, 45 என்றால் 135 சுற்று.

பிளேயரிலிருந்து வரும் மெல்லிய ஒலி, அதைப் பெருக்கிச் சமன்படுத்தும் ஃபோனோ ப்ரீஆம்ப் வழியாக, ஒலியைக் கணினிக்குள் ஏற்றும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேசுக்குப் போக வேண்டும். லேப்டாப்பின் மைக் துளை பெரும்பாலும் மோனோ (ஒரே சேனல்), இரைச்சல் வேறு. ஒலி மெலிந்து பேஸ் இல்லாமல் இருந்தால் ப்ரீஆம்ப் விடுபட்டிருக்கிறது. பேஸ் பொங்கி உடைந்து கேட்டால் பிளேயருக்குள் இருப்பதும் சேர்ந்து இரண்டு ப்ரீஆம்ப் ஓடுகிறது. பிளேயரின் பின்பக்கச் சுவிட்சை 'லைன்' என்பதிலிருந்து 'ஃபோனோ'வுக்கு மாற்றுங்கள். 'உம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால் எர்த் வயரைப் பாருங்கள்; அப்படியும் போகாவிட்டால் சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். ஸ்பீக்கரை அணைத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள், இல்லாவிட்டால் அதன் அதிர்வும் ஊசி வழியே பதிவில் ஏறும்.

ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருளில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். 20 நிமிடப் பக்கம் ஏறக்குறைய 690 எம்பி பிடிக்கும். இடம் பற்றாவிட்டால் 48 கிலோஹெர்ட்ஸ் போதும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. தட்டிலேயே உரக்க ஒலிக்கும் இடத்தை ஓட்டி, உச்சம் மைனஸ் 6 டெசிபல் தாண்டாதபடி அளவை வைத்து, ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் பதியுங்கள். பிளேயரில் 78 இல்லையென்றால் 45இல் ஓட்டிப் பதிந்து, பிறகு வேகத்தை 1.733 மடங்காக்கலாம். சுருதி சரியாகிவிடும், ப்ரீஆம்ப் செய்யும் ஒலிச் சமன் மட்டும் இடம் மாறி நிற்பதால் ஈக்வலைசரைத் தொட வேண்டியிருக்கும்.

தொடாத மூலப் பதிவை முதலில் தனியாகச் சேமியுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் நகலில். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் வளைந்த தட்டின் உறுமல் போய்விடும். மோனோ தட்டென்றால் இரண்டு சேனலையும் கலந்து ஒன்றாக்குங்கள், கீறல் சத்தத்தில் ஒரு பகுதி அப்படியே அடங்கும். கிளிக் நீக்கியை மட்டும் அளவோடு பயன்படுத்துங்கள். தபேலாவின் 'நா', மிருதங்கத்தின் 'தி' இரண்டையும் அது கீறல் என்று நினைத்து மழுக்கிவிடும். பெரிய வெடிப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குவது மெதுவான வேலைதான், ஆனாலும் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். இரைச்சல் குறைப்பு 6 டெசிபலுக்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும்.

கடைசியாகப் பாட்டுப் பாட்டாக வெட்டி, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாக்குங்கள், தொலைபேசிக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3. கோப்புப் பெயரில் லேபிளில் உள்ள தட்டு எண்ணையும் சேருங்கள். ஒரே பாட்டு வெவ்வேறு தட்டுகளில் வந்திருந்தால் பிரித்தறிய அது உதவும். மூலப் பதிவு இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் இருக்கட்டும்.