ஷெரிஃப் படங்களைப் பார்ப்பது எப்படி: கொலையாளிக்கு முன் எல்லையைத் தேடுங்கள்

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் நடக்கும் கொலைப் படத்தைப் பார்க்க உட்காரும் தமிழ்ப் பார்வையாளருக்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. ஒருவர் ஷெரிஃப், இன்னொருவர் போலீஸ் தலைவர், மூன்றாமவர் மார்ஷல், போதாக்குறைக்குக் கூட்டரசின் (அதாவது மத்திய அரசின்) புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிலிருந்து ஒருவர் வந்து இறங்குகிறார். இவர்களில் யார் யாருக்கு மேலதிகாரி என்பது விளங்குவதில்லை. ஷெரிஃப் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு காலத்தில் சென்னையில் இருந்த கௌரவப் பதவிதான்; அதற்கும் இடுப்பில் துப்பாக்கியுடன் வரும் இந்த மனிதருக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை அதிகம் இல்லை. மேலே சொன்ன நால்வரும் ஒரே ஏணியின் படிகள் அல்லர், தனித்தனி ஏணிகளில் நிற்பவர்கள் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இவ்வகைப் படங்களின் பதற்றத்தில் பெரும்பகுதி அந்த ஏணிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில்தான் பிறக்கிறது.

ஆகவே படம் தொடங்கியதும் சட்டையில் உள்ள பேட்ஜைக் கவனியுங்கள். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுகள், உள்ளன. பெரும்பாலான மாநிலங்களில் ஒவ்வொரு கவுண்டியின் ஷெரிஃபையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் பெரும்பாலும் 4 ஆண்டுகள். நகர எல்லைக்கு வெளியிலுள்ள பகுதிகளில் ரோந்து செல்வது, கவுண்டிச் சிறையை நடத்துவது, நீதிமன்ற ஆணைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் பொதுவாக அவர் பொறுப்பு. போலீஸ் தலைவரோ நகர நிர்வாகம் நியமிக்கும் சம்பளக்காரர். மார்ஷல் என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. 1789-இல் உருவான கூட்டரசு மார்ஷல் பதவிக்குக் குடியரசுத் தலைவர் ஆளை நியமிக்கிறார். பழைய மேற்குப் பகுதிக் கதைகளில் வரும் ஊர் மார்ஷலோ அந்த ஊரே கூலி கொடுத்து வைத்துக்கொண்ட காவலர்.

இந்த வேறுபாடு தெரிந்தவர்களுக்கு 1952-இல் வெளிவந்த 'ஹை நூன்' வேறொரு படமாகத் தெரியும். கேரி கூப்பர் நடித்த வில் கேன் ஓர் ஊர் மார்ஷல். பழிவாங்க வருபவன் நண்பகல் ரயிலில் இறங்கப்போகிறான். கேன் மதுக்கடையிலும் தேவாலயத்திலும் போய்த் துணைக்கு ஆள் கேட்கிறார், ஒருவரும் வருவதில்லை. வில்லனுக்குத் தண்டனை விதித்த நீதிபதியே சுவரிலிருந்த கொடியையும் தராசையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறார். தம் அதிகாரம் இந்த மக்கள் தந்தது, அவர்கள் கைவிட்டால் மிஞ்சுவது ஒரு தகரத் துண்டுதான் என்பது கேனுக்குத் தெரியும். ஏறக்குறைய 85 நிமிடம் ஓடும் இப்படத்தில் கதையின் நேரமும் நம் கடிகாரத்தின் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நகர்கின்றன. எனவே இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பாருங்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியது, இந்த அதிகாரியை யார் என்ன செய்ய முடியும் என்பது. நம் ஊர்ப் போலீஸ் படங்களில் அமைச்சர் விடுக்கும் மிரட்டல் எப்போதும் ஒன்றுதான்: தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன். ஷெரிஃபை அப்படி மாற்ற முடியாது. பெரும்பாலும் தேர்தலில் தோற்கடிக்கத்தான் முடியும். அதனால் அவருக்கு வரும் அழுத்தம் மேலிருந்து இறங்குவதில்லை, பக்கத்து மேசையில் காப்பி குடிப்பவரிடமிருந்து வருகிறது. இதை ஜான் சேல்ஸ் இயக்கிய 'லோன் ஸ்டார்' (1996) அளவுக்கு நுட்பமாகக் காட்டிய படம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. டெக்ஸஸ் எல்லையில் ஓர் எலும்புக்கூடும் அதனருகே ஒரு ஷெரிஃப் பேட்ஜும் கிடைக்கின்றன. விசாரிக்கும் சாம் டீட்ஸும் ஷெரிஃப்தான். அவருடைய காலஞ்சென்ற தந்தையும் அதே நாற்காலியில் இருந்து ஊரே கொண்டாடிய மனிதர். தந்தையின் பெயரால் வாக்கு வாங்கிய மகன் அந்தத் தந்தையையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. புதிய சிறை கட்டுவது பற்றிய பேச்சையும், அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லித் தம்மை அணுகியிருப்பதாக ஒரு துணை ஷெரிஃப் தயக்கத்துடன் சொல்லும் காட்சியையும் வெறும் நிரப்பல் என்று தாண்டிவிடாதீர்கள். கொலையின் புதிருக்கு இணையாகப் படத்தைத் தாங்குபவை அவையே.

மூன்றாவதாக, தூரத்தைக் கணக்கிடுங்கள். 'விண்ட் ரிவர்' (2017) வயோமிங் மாநிலப் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தில் நடக்கிறது. அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் அளவுள்ள அந்த நிலப்பரப்புக்குத் தம்மிடம் 6 காவலர்களே இருப்பதாகப் பழங்குடிக் காவல் தலைவர் சொல்கிறார். உதவிக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்க முடியாத நிலத்தில் ஒவ்வொரு கதவைத் தட்டுவதும் ஆபத்துதான். பழங்குடி நிலத்தில் கொலை போன்ற பெருங்குற்றங்களைக் கூட்டரசின் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தது 1885-ஆம் ஆண்டுச் சட்டம். எனவேதான், பனியில் கிடந்த பெண்ணின் மரணத்தைக் கொலை என்று சான்றிதழில் எழுத முடியாது என மருத்துவர் சொல்லும்போது எஃப்.பி.ஐ. அதிகாரி பதறுகிறார், படத்தின்படி, அந்த ஒரு சொல் இல்லையென்றால் அவருக்குக் கூடுதல் படை வராது. பின்னர் வெவ்வேறு சீருடையினர் இது யார் இடம் என்று வாதிட்டபடி ஒருவர்மீது ஒருவர் துப்பாக்கி நீட்டும் காட்சி வரும்போது, வசன வரிகளைத் தவறவிடாமல் படியுங்கள்.

விசாரணையின் கைவேலையை ரசிக்க விரும்புவோர் 'ஃபார்கோ'வை (1996) எடுத்துக்கொள்ளலாம். ஏழு மாதக் கர்ப்பிணியான மார்ஜ் கண்டர்சன் மினசோட்டாவின் பிரெய்னர்ட் நகரக் காவல் தலைவர். பனியில் பதிந்த காலடிகளைக் கொண்டே நடந்ததை நிதானமாகச் சொல்லிவிடுகிறார். இறந்த காவலரின் குறிப்பேட்டில் உள்ள மூன்று எழுத்துகளை வண்டி எண்ணின் தொடக்கம் என்று உடன் பணியாற்றுபவர் தவறாக எடுத்துக்கொள்ள, அது கார் விற்பனையகத்தின் தற்காலிகப் பலகை என்று அவரை நோகடிக்காமல் திருத்துகிறார். உண்மைக் கதை என்று தொடக்கத்தில் வரும் அறிவிப்பை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே நல்லது. முன்னே சொன்ன பழக்கங்கள் படிந்த பிறகுதான் அது அடங்கிய குரலில் செய்வது புலப்படும். டெக்ஸஸின் டெரல் கவுண்டி ஷெரிஃபான எட் டாம் பெல் ஒரு கொலைகாரனைத் தேடிப் போகும் ஒவ்வொரு இடத்துக்கும் சற்றுத் தாமதமாகவே போய்ச் சேர்கிறார். வேறொரு கவுண்டியான எல் பாசோவில் அவர் விருந்தாளி மட்டுமே, அங்குள்ள ஷெரிஃபுடன் உட்கார்ந்து காலம் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசத்தான் முடிகிறது. கொலைகாரனும் அவரும் நேருக்கு நேர் மோதும் காட்சிக்காகக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இறுதியில் பதவி விட்ட பெல் வீட்டு மேசையில் மனைவியிடம் இரண்டு கனவுகளைச் சொல்ல, படம் சட்டென்று முடிகிறது. அப்போது தொடக்கத்துக்குத் திரும்பி, அந்தக் காலத்து ஷெரிஃபுகளில் சிலர் துப்பாக்கியே வைத்துக்கொண்டதில்லை என்று வெற்று நிலத்தின்மீது ஒலிக்கும் அவர் குரலை இன்னொரு முறை கேளுங்கள்.