குளிரில் மட்டும் தட்டிய இன்ஜின்

ரீபோர் செய்து (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி) 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு வாங்கிய பழைய பெட்ரோல் கார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக்கென்று தட்டியது. சூடேறினால் பாதி அடங்கும். டப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) என்றார்கள், அதன் கேப் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றியதும் சத்தம் குறைந்தது. டப்பெட்டாக இருந்தால் அப்படிக் குறையாது.

ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி டைமிங் செயின் பக்கம் பார்க்க வேண்டும்; மூன்றாவது மட்டும் எதிர்ப்பக்கம் ஃப்ளைவீலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று தோன்றும். பல இன்ஜின்களில், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ‘பின்’ நட்ட நடுவில் இருக்காது. எரியும் அழுத்தம் பிஸ்டனைச் சிலிண்டரின் எந்தச் சுவரில் சாய்க்குமோ, அந்தப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியிருக்கும். அதனால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும் முன்பே பிஸ்டன் மெதுவாகச் சுவர் மாறிவிடும். திருப்பிப் போட்டால் தாமதமாக மாறி, பிஸ்டனின் ஸ்கர்ட் (கீழ்ப்பகுதி) சுவரில் மொத்தமாக அறையும். பிஸ்டனின் அலுமினியம், சிலிண்டரின் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்; சூட்டில் இடைவெளி குறைந்ததால்தான் சத்தம் அடங்கியது.

சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்தோம், தேய்மானம் இல்லை. ஆயில் சம்ப்பையும் இறக்கி, பின்னைக் கழற்றி, கனெக்டிங் ராடை அப்படியே வைத்து பிஸ்டனை மட்டும் திருப்பி, பின்னுக்குப் புது லாக் போட்டு மாட்டினோம். கேஸ்கெட்டும் ஆயிலும் தண்டச் செலவு. சரி, இப்போது காலையில் கேட்பது டப்பெட் சத்தம் மட்டும்தான்.